கட்டை பியானோவில், ஒலி சின்த்தில்: ஒரு மிடி இணைப்புப் பதிவு

ஒருவழியாக எல்லாம் மிடி வழியே ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. மிடி என்பது எந்தக் கட்டை, எவ்வளவு வேகம் போன்ற தகவலைக் கருவிகளுக்கு இடையே கடத்தும் பொது மொழி; ஒலி அதில் போகாது. எலக்ட்ரானிக் பியானோவில் கட்டையை அழுத்தினால் பக்கத்து மேசையில் இருக்கும் சின்தசைசர் ஒலிக்கிறது. கணினி அதைப் பதிந்துகொள்கிறது, கணினியின் தாளத்துக்கு டிரம் மெஷின் ஓடுகிறது, பதிந்ததைத் திருப்பி விட்டால் பியானோ தானே வாசிக்கிறது. கையேடுகளில் இதற்கெல்லாம் அரைப் பக்கம்தான்: இதை அதில் செருகு, வாசி. அந்த அரைப் பக்கம் சொல்லாமல் விட்டதை மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன்.

செய்ய நினைத்தது இதுதான். பியானோவில் 88 கட்டைகள், எல்லாம் கைக்குக் கனமாக, சுகமாக இருக்கும். சின்த்தில் கட்டையே கிடையாது, வெறும் திருகுகள் நிறைந்த பெட்டி. பியானோவின் கட்டையில் சின்த்தின் ஒலியை வாசிக்க வேண்டும். கணினியை அணைத்து வைத்திருந்தாலும் இது நடக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். வாசிக்க உட்காரும் நேரத்தில் அப்டேட் கேட்கும் திரை எனக்கு வேண்டாம். பதிவு செய்யும் நாளில் மட்டும் கணினி சேர்ந்துகொண்டால் போதும்.

பின்பக்கத் துளைகளை முதலில் எழுதிக்கொண்டேன். பியானோவில் ஐந்து பின் வட்டத் துளைகள் இரண்டு: இன், அவுட். இன்னில் வந்ததை அப்படியே அடுத்த கருவிக்குக் கடத்தும் த்ரூ இல்லை. கூடவே ஒரு சதுர யூஎஸ்பி துளை. சின்த் புதிய மாடல் என்பதால் இடத்தை மிச்சம் பிடித்து, ஐந்து பின்னுக்குப் பதில் 3.5 மில்லிமீட்டர் மினி ஜாக் துளைகள் வைத்திருக்கிறார்கள். டிரம் மெஷின் பழசு. அதில் ஐந்து பின் இன், த்ரூ. கணினிப் பக்கம் ஒரு ஆடியோ இன்டர்பேஸ் (கருவிகளின் ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும் பெட்டி), அதில் ஐந்து பின் இன்னும் அவுட்டும் ஒவ்வொன்று. பழைய டிரம் மெஷினும் புதிய சின்த்தும் ஒரே மொழி பேசுவது கொஞ்சம் ஆச்சரியம்தான். 1983 ஜனவரியில் அமெரிக்காவின் ‘நாம்’ (NAMM) என்ற இசைக்கருவி வணிகக் கண்காட்சியில் பிராபெட்-600, ஜூபிடர்-6 என்ற இரண்டு நிறுவனங்களின் சின்த்களை ஒரு கேபிளில் இணைத்துக் காட்டினார்கள். அன்று ஓடிய அதே நொடிக்கு 31,250 பிட் வேகத்தில்தான் இன்றைக்கும் ஐந்து பின் கேபிளில் தகவல் ஓடுகிறது.

முதல் கட்டம்: பியானோவிலிருந்து சின்த்துக்கு

ஐந்து பின்னை மினி ஜாக்காக மாற்றும் குட்டி அடாப்டர் ஒன்று கையில் இருந்தது. பியானோவின் அவுட்டிலிருந்து கேபிள், அதன் முனையில் அடாப்டர், அங்கிருந்து சின்த்தின் இன். வாசித்தால் சின்த் மூச்சு விடவில்லை. சின்த்தின் சேனல் (எந்த எண்ணில் வரும் தகவலைக் கேட்க வேண்டும் என்பது), ஒலியளவு, மெனுவில் இருந்த ஒவ்வொரு வரியும் மாற்றிப் பார்த்தாகிவிட்டது. மெனுவில் நேரம் போனதுதான் மிச்சம்.

அப்புறம்தான் சிவப்பு எல்இடி ஒன்றை எடுத்தேன். மிடி அவுட் துளையில் மின்னோட்டம் 4-ஆம் பின்னிலிருந்து வெளியே வந்து 5-ஆம் பின் வழியாகத் திரும்புகிறது. அளவு 5 மில்லி ஆம்பியர் சுமார். எல்இடி எரிய இது தாராளம், கட்டுப்படுத்தும் மின்தடைகள் பியானோவுக்குள்ளேயே இருக்கின்றன. எல்இடியின் நீளக் காலை 4-இலும் குட்டைக் காலை 5-இலும் நேரே துளைக்குள் செருகலாம். ஒன்று கவனம்: துளையைச் சுற்றி வரும்போது பின்களின் வரிசை 1, 2, 3, 4, 5 என்று வராது, 1, 4, 2, 5, 3 என்றுதான் வரும். நடுவில் இருப்பது 2, அதன் இருபுறமும் 4, 5. எது எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் எல்இடியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் ஆயிற்று, ஒன்றும் கெடாது.

அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரு கட்டையை அழுத்தினால் எல்இடி மெல்ல ஒருமுறை சிமிட்டும். ஒரு நோட்டுக்கு மூன்று பைட், ஒரு பைட்டுக்கு 320 மைக்ரோ வினாடி. ஆக ஏறக்குறைய ஒரு மில்லி வினாடிச் சிமிட்டல், வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. கையை விரித்து ஏழெட்டுக் கட்டைகளை மேலும் கீழுமாக உருட்டினால் தெளிவாகத் துடிக்கும். வெள்ளை, நீல எல்இடிகளுக்கு மின்னழுத்தம் கூடுதலாகத் தேவை, 3.3 வோல்ட்டில் ஓடும் புதிய கருவிகளில் அவை எரியாமல் ஏமாற்றும், சிவப்புதான் சரி. இந்தப் பரிசோதனைக்கு ஆன செலவைச் செலவு என்றே சொல்ல முடியாது, ஆனால் இந்த வேலை முழுவதிலும் அதிகம் கைகொடுத்த கருவி இதுதான்.

எல்இடி துடித்தது. பியானோ அனுப்புகிறது, அப்படியானால் கோளாறு அடாப்டரிலோ சின்த்திலோ இருக்க வேண்டும். மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து அடாப்டரின் இரு முனைகளையும் தொட்டுப் பார்த்ததில் விஷயம் வெளியே வந்தது: 4-ஆம் பின் ஜாக்கின் நுனிக்குப் போகிறது, 5-ஆம் பின் நடு வளையத்துக்குப் போகிறது. இது பி வகை. என் சின்த் எதிர்பார்ப்பது ஏ வகை, அதாவது 5 நுனிக்கு, 4 வளையத்துக்கு, 2 அடிப்பகுதிக்கு. மினி ஜாக்கில் மிடியை எப்படி இணைப்பது என்று ஒரு காலத்தில் பொதுவான ஏற்பாடு கிடையாது, ஆளுக்கு ஒரு விதமாகச் செய்தார்கள். 2018-இல்தான் மிடி அசோசியேஷன் ஏ வகையைத் தரமாக அறிவித்தது. அதற்கு முன் வந்த கருவிகளும் அவற்றோடு வந்த அடாப்டர்களும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஜாக்கில் வகை எழுதியிராவிட்டால் மீட்டரை வைத்தே தீர வேண்டும்.

அடாப்டருக்குப் பதில் நேரடிக் கேபிளே செய்துகொண்டேன். சுற்றிலும் வலை போட்ட இரட்டைக் கம்பி 3 மீட்டர், ஒரு ஐந்து பின் பிளக், ஒரு ஸ்டீரியோ மினி ஜாக். மிடிக் கேபிள் 15 மீட்டர் வரை போகலாம் என்பது தரம், என் மேசைக்கு மூன்றே அதிகம். பற்றவைக்கும்போது இரண்டு விஷயம். பிளக்கின் உறையையும் ஹீட் ஷ்ரிங்க் குழாயையும் கம்பியில் கோத்துவிட்டுத்தான் சால்டர் தொட வேண்டும். சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் பிரித்துத் திரும்பப் பற்றவைக்காதவர்கள் குறைவு. இரண்டாவது, பின்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சூட்டில் இளகிவிடும், பின் சாய்ந்துவிடும். பிளக்கை ஒரு பழைய துளையில் செருகி வைத்துக்கொண்டு பற்றவைத்தால் பின்கள் நேராக நிற்கும், சூட்டையும் துளை கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். எண்கள் பிளாஸ்டிக்கின் உட்புறத்தில் எறும்பு அளவில் பதித்திருக்கும். செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டேன். பிளக்கின் முன்பக்கப் படத்தைப் பார்த்துக்கொண்டு பின்பக்கம் பற்றவைத்தால் இடம் வலமாகிவிடும், எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

புதுக் கேபிளைச் செருகியதும் சின்த் பாடியது. சத்தமாகவே.

பேச்சு சரி, ஆள் தப்பு

சோதனைக்காக டிரம் மெஷினையும் இடையில் இணைத்தபோது வேடிக்கை ஆரம்பமானது. இடது கை கீழ்ப்பகுதியில் ஒரு குறிப்பிட்ட சி (C) ஸ்வரக் கட்டையைத் தொடும்போதெல்லாம் ‘தொம்’ என்று பாஸ் டிரம் விழுந்தது. நடு சியின் எண் 60. அதற்கு இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே இருக்கும் சி 36. பெரும்பாலான டிரம் கருவிகளில் 36 என்றால் பாஸ் டிரம், 38 என்றால் ஸ்னேர். டிரம் மெஷின் எல்லாச் சேனலையும் கேட்கும் ஆம்னி நிலையில் இருந்தது, அவ்வளவுதான். அதை 10-ஆம் சேனலில் பூட்டினேன். பியானோ 1, சின்த் 1, டிரம் 10. பதினாறு சேனல்கள் இருக்கின்றன, மூன்று கருவிக்கு இதில் சண்டை வர வழியில்லை.

இதைவிட எரிச்சல் தந்தது ப்ரோகிராம் சேஞ்ச், அதாவது ஒலியை மாற்றச் சொல்லும் செய்தி. சின்த்தில் பார்த்துப் பார்த்து ஒரு ஒலியை அமைத்துவிட்டு, பியானோவில் ஏதோ யோசனையில் ஆர்கன் பொத்தானைத் தொட்டால் போதும், அந்தப் பொத்தான் எண் மிடி வழியாகப் போய் சின்த்தும் தன் ஒலியை மாற்றிவிடும். சேமிக்காத ஒலி போனது போனதுதான். பியானோவில் ப்ரோகிராம் சேஞ்ச் அனுப்புவதை நிறுத்தும் அமைப்பு இருந்தது, ஆனால் அணைத்து மறுபடி ஆன் செய்தால் பழைய நிலைக்கே திரும்பியது. ஆகவே சின்த்தில் அதைப் பெறுவதை நிறுத்தினேன், அங்கே அது நிலையாகச் சேமிக்கப்படுகிறது. எந்த அமைப்பையும் அதை நினைவில் வைத்துக்கொள்ளும் கருவியில் செய்வது மேல்.

ஒலி எண்ணும் ஒன்று தள்ளியே வரும். கேபிளில் போவது 0 முதல் 127 வரை. கருவியின் திரையில் சிலர் 1 முதல் 128 என்று காட்டுகிறார்கள். கணினியில் 5 என்று கொடுத்து கருவியில் 6 வந்தால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று அர்த்தம். ஆக்டேவ் பெயரிலும் இதே கதை: அதே 60-ஆம் எண் நடு சியை யமஹா சி3 என்கிறது, ரோலண்ட் சி4 என்கிறது. நான் பெயரை விட்டுவிட்டு எண்ணையே எழுதிக்கொள்கிறேன்.

கணினியும் முணுமுணுப்பும்

கணினிக்கு யூஎஸ்பி கேபிள் போதும் என்று நினைத்தேன், தகவலைப் பொறுத்தவரை போதும்தான். செருகியதும் டிரைவர் எதுவும் கேட்காமல் பியானோ தெரிந்தது. மிடி மானிட்டர் மென்பொருளைத் திறந்து நடு சியை அழுத்தினால் 144, 60, 72 என்று ஒரு வரி. 144 என்றால் முதல் சேனலில் நோட் ஆன், 60 கட்டை, 72 அழுத்திய வேகம். விட்டதும் 144, 60, 0. நோட் ஆஃபுக்குத் தனிச் செய்தி இருந்தாலும் என் பியானோ வேகம் பூஜ்யமான நோட் ஆனையே அனுப்புகிறது. இரண்டும் ஒன்றுதான், விதி அப்படி. மிதியை அழுத்தினால் 176, 64, அதன் பின் 0-க்கும் 127-க்கும் இடையில் ஓர் எண். இந்த ஜன்னலை நான் மூடுவதே இல்லை. காதுக்குப் புரியாத கோளாறுகள் பாதி இங்கே ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

பிரச்சினை தகவலில் வரவில்லை, ஒலியில் வந்தது. பியானோவின் ஆடியோ அவுட்டும் அதே இன்டர்பேஸுக்குத்தான் போகிறது. யூஎஸ்பியும் இணைந்திருக்கும்போது ஸ்பீக்கரில் மெல்லிய ஒரு கீச்சொலி. மவுஸை நகர்த்தினால் அதுவும் சேர்ந்து இழுக்கும். யூஎஸ்பியைப் பிடுங்கினால் மறையும். ஆடியோ கேபிள்களை மாற்றிப் பார்த்தது வீண். பியானோவுக்கும் கணினிக்கும் இடையே ஆடியோ வழியாக ஒரு கிரவுண்டு, யூஎஸ்பி வழியாக இன்னொரு கிரவுண்டு என்று வளையம் உண்டாகியிருந்தது. ஐந்து பின் மிடியில் இந்தத் தொல்லையே இல்லை. இன் பக்கத்தில் ஆப்டோ ஐசொலேட்டர் என்ற சில்லு இருக்கிறது. அதற்குள் ஒரு எல்இடி சிமிட்டும், எதிரே இருக்கும் ஒளி உணரி அதைப் படிக்கும், இரு கருவிகளுக்கும் இடையே மின் தொடர்பே கிடையாது. இன் துளையில் 2-ஆம் பின்னை வேண்டுமென்றே இணைக்காமல் விடுவதும் இதற்காகத்தான். அன்றைக்கே யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

ஆக, யூஎஸ்பியைக் கழற்றிவிட்டு ஐந்து பின் வழியே கணினிக்குப் போவது என்று முடிவு. ஆனால் பியானோவில் இருப்பது ஒரே ஒரு அவுட். சின்த்துக்கும் வேண்டும், கணினிக்கும் வேண்டும்.

பிரிக்கும் பெட்டி

இரண்டாகப் பிரியும் ஒய் கேபிளில் முதலில் முயன்றேன். ஒரு கருவிக்கான 5 மில்லி ஆம்பியர் இரண்டுக்கும் பங்கிடப்படுகிறது. எந்த ஆப்டோ கொஞ்சத்தில் திருப்திப்படுகிறதோ அது வேலை செய்யும், மற்றது அவ்வப்போது நோட்டை விழுங்கும். அரைகுறையாக வேலை செய்வது வேலை செய்யாததைவிட மோசம். கடையில் த்ரூ பெட்டி என்று தயாராகவே விற்கிறார்கள். உள்ளே இருப்பது எளிய சுற்று என்று தெரிந்ததால் நானே செய்தேன்.

தேவைப்பட்டவை: 6என்138 ஆப்டோ சில்லு ஒன்று, 74எச்சி14 இன்வெர்ட்டர் (சமிக்ஞையைத் தலைகீழாக்கும்) சில்லு ஒன்று, 1என்4148 டையோடு ஒன்று, 220 ஓம் மின்தடைகள் பதினொன்று, 470 ஓம் ஒன்று, 10 கிலோ ஓம் ஒன்று, 0.1 மைக்ரோ ஃபேரட் கெப்பாசிட்டர் இரண்டு, ஐந்து பின் துளைகள் ஆறு, ஒரு பெர்ஃப் போர்டு (பாகங்களைப் பற்றவைக்கும் துளையிட்ட பலகை), ஒரு பிளாஸ்டிக் பெட்டி, பழைய 5 வோல்ட் செல்போன் சார்ஜர். சில்லுகளும் மின்தடைகளும் அற்ப விலை. துளைகளும் பெட்டியும்தான் மொத்தச் செலவில் முக்கால்வாசியைத் தின்றன.

இன் துளையின் 4-ஆம் பின் 220 ஓம் வழியாக 6என்138-இன் 2-ஆம் காலுக்குப் போகிறது, 5-ஆம் பின் நேராக 3-ஆம் காலுக்கு. டையோடு இந்த இரண்டு கால்களுக்கும் குறுக்கே தலைகீழாக. கேபிளைத் தப்பாகச் செய்தால் சில்லைக் காப்பாற்ற. 8-ஆம் காலில் 5 வோல்ட், 5-ஆம் காலில் கிரவுண்டு. 6-ஆம் கால்தான் வெளியீடு, அதை 470 ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்ட வேண்டும். 7-ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம்.

கடைசி இரண்டும் சின்ன விஷயம் என்று தோன்றும். பற்றவைக்காமல் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் முதல் சுற்றை அமைத்தபோது 470-க்குப் பதில் கையில் கிடைத்த 10 கிலோ ஓமைப் போட்டு, 7-ஆம் காலைச் சும்மா விட்டிருந்தேன். மானிட்டரில் குப்பை வந்து விழுந்தது: அழுத்தாத கட்டைகள், இல்லாத சேனல்கள். 6என்138 சட்டென்று அணைந்துவிடும் சில்லு கிடையாது. ஒரு பிட்டுக்கு 32 மைக்ரோ வினாடிதான் அவகாசம், அதற்குள் வெளியீடு மேலே ஏறாவிட்டால் அடுத்த பிட்டைத் தின்றுவிடும். மேலே இழுக்கும் மின்தடை சிறியதாக இருந்தால் வேகம் வருகிறது, 7-ஆம் காலின் மின்தடை உள்ளே தேங்கியதை வடிக்கிறது. இரண்டையும் சரி செய்ததும் மானிட்டரில் ஒரு வரி பிசகவில்லை.

74எச்சி14-இல் ஆறு இன்வெர்ட்டர்கள். முதலாவது ஆப்டோவின் வெளியீட்டைத் தலைகீழாக்கும். அதன் வெளியீடு மற்ற ஐந்துக்கும் உள்ளீடாகப் போய் மறுபடி நேராகும். இந்த ஐந்தும் ஆளுக்கு ஒரு 220 ஓம் வழியாக ஐந்து அவுட் துளைகளின் 5-ஆம் பின்னுக்கு. ஒவ்வொரு துளையின் 4-ஆம் பின்னும் தனித்தனி 220 ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு. அவுட்களின் 2-ஆம் பின் கிரவுண்டுக்கு, இன்னின் 2-ஆம் பின் காலி. கெப்பாசிட்டர்கள் சில்லுகளின் மின் கால்களை ஒட்டி. ஐந்து கருவி இணைத்தாலும் மொத்தம் 50 மில்லி ஆம்பியர் தாண்டாது, எந்தச் சார்ஜரும் போதும்.

மின்சாரம் கொடுத்துவிட்டு, இன்னில் பியானோ மட்டும் இருக்க ஒவ்வொரு அவுட்டிலும் மறுபடி அந்தச் சிவப்பு எல்இடி. சும்மா இருக்கும்போது அணைந்திருக்க வேண்டும், வாசித்தால் துடிக்க வேண்டும். மூன்றாவது துளையில் மட்டும் எல்இடி நின்று எரிந்தது. சில்லைச் சந்தேகிப்பதற்கு முன் இது என்ன சொல்கிறது என்று பார்த்தால் போதும்: நின்று எரிகிறது என்றால் சும்மா இருக்கும் நிலையில் 5-ஆம் பின் கீழே கிடக்கிறது, அதாவது சமிக்ஞை இரண்டு முறைக்குப் பதில் ஒரே முறை தலைகீழாகியிருக்கிறது. போர்டைத் திருப்பிப் பார்த்தால், அந்த இன்வெர்ட்டரின் கம்பி முதல் இன்வெர்ட்டரின் 2-ஆம் காலுக்குப் போகாமல் பக்கத்து 1-ஆம் காலில் பற்றவைக்கப்பட்டிருந்தது. ஒரு சொட்டு சால்டர் உறிஞ்சி, ஒரு சொட்டு வைத்ததும் ஐந்தும் ஒன்றாகத் துடித்தன.

இந்தப் பெட்டியால் தாமதம் வருமா என்று கேட்பார்கள். மைக்ரோ வினாடிக் கணக்கு, காதுக்கு எட்டாது. மிடி கேபிளே பத்து விரலையும் சேர்த்து அழுத்தினால் கடைசி நோட்டை ஏழு முதல் பத்து மில்லி வினாடி தாமதமாகத்தான் கொண்டு சேர்க்கும். கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் ஆடியோ பஃபர் அதைவிடப் பெரிய ஆசாமி: நொடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் 512 சாம்பிள் வைத்தால் ஒரு வழிக்கே 11.6 மில்லி வினாடி. 128-க்கு இறக்கியதும் விரலும் காதும் சமாதானமாயின.

மிதியும் விரலும்

சின்த்தில் சில நோட்டுகள் விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தன. பெட்டியைத்தான் முதலில் சந்தேகித்தேன், புதுசாகச் செய்தது அதுதானே. மானிட்டரைப் பார்த்ததில் பெட்டி குற்றமற்றது. என் பியானோவின் மிதி அரை மிதி அறியும் வகை. காலை மெல்ல எடுக்கும்போது 127, 118, 97, 80 என்று படிப்படியாக இறங்கும் எண்களை அனுப்புகிறது. பியானோ ஒலி இதற்கேற்ப மெல்ல அடங்கும். சின்த்துக்கோ அரை என்பது தெரியாது: 64-உம் அதற்கு மேலும் என்றால் பிடி, 63-உம் அதற்குக் கீழும் என்றால் விடு. பியானோ வாசிக்கும் பழக்கத்தில் பாதிக் காலில் நான் தொங்கிக்கொண்டிருந்தால் சின்த் முழுசாகப் பிடித்துக்கொள்கிறது. மிதியை ஆன்-ஆஃப் நிலைக்கு மாற்றலாம், மாற்றினால் பியானோ ஒலியின் அழகு போகும். சின்த் வாசிக்கும்போது காலை முழுசாக எடுக்கப் பழகுவதே வழி, இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன். தனியாக இணைக்கும் மிதியில் இன்னொரு வினை உண்டு. பல கீபோர்டுகள் ஆன் ஆகும் நொடியில் மிதியின் நிலையைப் பார்த்து எது அழுத்தம், எது விடுப்பு என்று தீர்மானிக்கின்றன. கால் மிதியில் இருக்க ஆன் செய்தால் எல்லாம் தலைகீழ்.

கட்டையை அழுத்தும் வேகமும் பொருந்தவில்லை. பியானோவின் கனமான கட்டையில் நான் சாதாரணமாக வாசித்தால் 45-இலிருந்து 85-க்குள் எண்கள் வருகின்றன; 110-ஐத் தொட ஓங்கி அடிக்க வேண்டும். சின்த்தின் ஒலிகள் லேசான கட்டைகளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை போல, 100-க்கு மேல்தான் திறக்கின்றன. எல்லாம் மந்தமாகக் கேட்டது. பியானோவின் தொடுகையை லேசாக்கினால் மிடி எண்களும் கூடின, ஆனால் பியானோ ஒலி முரட்டுத்தனமாயிற்று. சின்த்தின் வெலாசிட்டி வளைவை (எந்த வேகத்துக்கு எவ்வளவு ஒலி என்ற கணக்கை) மாற்றி, 80 வந்தாலே நன்கு திறக்கும்படி வைத்ததுதான் நிலைத்தது.

கடைசிக் கட்டம்: கணினியிலிருந்து திரும்பி

இன்டர்பேஸின் அவுட்டிலிருந்து டிரம் மெஷினின் இன், அதன் த்ரூவிலிருந்து பியானோவின் இன். கணினி ஒரு கால் நோட்டுக்குத் தாள வேகத்தைச் சொல்லும் 24 கிளாக் பைட் அனுப்பும், டிரம் மெஷினை ‘எக்ஸ்டர்னல்’ கிளாக்கில் வைத்தால் வேகம் தானே பொருந்தும். வேகம் மாற்றினால் கூடவே மாறுகிறது. பியானோவைச் சேனல் 1 மட்டும் கேட்கும்படி வைத்தேன், இல்லாவிட்டால் டிரம்முக்கான 36-உம் 38-உம் அங்கே கர்ண கடூரமான கீழ் நோட்டுகளாக ஒலிக்கும்.

வளையம் முடிந்தவுடன் பியானோ ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிட்டது. நான் அழுத்திய நோட்டைப் பியானோ ஒருமுறை ஒலிக்கிறது. அதுவே கணினிக்குப் போய், அங்கே பதிவுக்குத் தயாராக இருக்கும் டிராக் அதைத் திருப்பி அனுப்ப, சில மில்லி வினாடி கழித்து மறுபடி ஒலிக்கிறது. இதற்கு இரண்டு மருந்து. பியானோவில் லோக்கல் ஆஃப் செய்தால் கட்டைக்கும் உள் ஒலிக்கும் தொடர்பு அறுந்து, கணினி வழியாக வருவது மட்டும் ஒலிக்கும். ஆனால் கணினியை அணைத்த பிறகு யாராவது வந்து பியானோவைத் தொட்டால் சத்தமே வராது. பழுது என்று பதறுவார்கள். சில மாடல்கள் அணைத்து மறுபடி ஆன் செய்தால் லோக்கல் ஆனுக்குத் திரும்பும், எல்லாம் திரும்பும் என்று சொல்ல முடியாது. நான் எடுத்துக்கொண்டது இரண்டாவது: பியானோ டிராக்கில் திருப்பி அனுப்பும் மானிட்டர் வசதியை அணைத்துவிட்டேன். பதிந்ததை ஓட்டும்போது மட்டும் அந்த வழி திறக்கிறது. கணினி இல்லாத நாளில் பியானோ பியானோவாகவே இருக்கிறது.

அடுத்த முறை செய்தால், கேபிள் வாங்குவதற்கு முன்பே காகிதத்தில் அம்புக்குறி போட்டு யார் அனுப்புகிறார், யார் கேட்கிறார் என்று வரைந்துவிடுவேன். த்ரூ பெட்டி தேவை என்பது அப்போதே தெரிந்திருக்கும். பெட்டியின் துளைகளைப் பலகையில் நேரடியாக நிற்கும் வகையாக வாங்குவேன். ஆறு துளைக்குக் கம்பி இழுத்ததில் உள்ளே காக்கைக் கூடு மாதிரி ஒரு சிக்கல், மூடி மூடுவதற்கே அழுத்த வேண்டியிருக்கிறது. மின்சாரம் இருக்கிறதா என்று காட்ட ஒரு விளக்கும், இன்னில் தகவல் வருகிறதா என்று காட்ட இன்னொன்றும் வைப்பேன். கேபிள் முனைகளில் ‘பி-அவுட்’, ‘சி-இன்’ என்று ஒட்டுவதை முதல் நாளே செய்வேன்.

உங்கள் பியானோவில் சதுர யூஎஸ்பி துளை மட்டும் இருக்கிறது, ஐந்து பின்னே இல்லை என்றால் இந்தப் பெட்டி உதவாது. அந்தத் துளை ஒரு ஹோஸ்டை, அதாவது கணினி போல இணைப்பை நடத்தும் ஒன்றை, எதிர்பார்க்கிறது. சின்த்தும் அதே வகைத் துளை வைத்திருந்தால் இரண்டையும் கேபிளால் கட்டினாலும் இரண்டும் சும்மா காத்திருக்கும். நடுவே யூஎஸ்பி மிடி ஹோஸ்ட் பெட்டி ஒன்று வேண்டும்; ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் ஐந்து பின். வாங்குவதற்கு முன் பியானோ ‘கிளாஸ் கம்ப்ளையன்ட்’ (தனி டிரைவர் தேவைப்படாத) வகையா என்று கையேட்டில் பாருங்கள். தனி டிரைவர் கேட்கும் பியானோக்களைப் பல ஹோஸ்ட் பெட்டிகள் அடையாளம் காணாது. சில மாடல்களில் மெனுவில் ‘ஜெனரிக்’ டிரைவருக்கு மாற்றும் வரி ஒன்று ஒளிந்திருக்கும், அதை மாற்றி, அணைத்து மறுபடி ஆன் செய்த பிறகுதான் பலன் தெரியும். வந்ததும் முதல் வேலையாக ஹோஸ்ட் பெட்டியின் ஐந்து பின் அவுட்டில் சிவப்பு எல்இடியைச் செருகிப் பாருங்கள்.